காலைக் காட்டு

இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் ஆனைக்கரையில் மண் காய்வதற்கு ஆவணி கடந்தாக வேண்டும். ஜூன் பிறந்ததும் சாய்ந்தடிக்கும் அந்த மழை மரக்கூட்டத்தின் மேல் விழுந்து, இலை இலையாக வழிந்து, ஏலத்தட்டைகளில் சொட்டி, கடைசியில் காலடிக்கு வந்து சேரும். வானம் வெளுத்த பிறகும் தோட்டத்துக்குள் மழை விடாது. மரங்கள் பெய்துகொண்டே இருக்கும். அந்த ஈரத்தில்தான் எங்கள் ஊரின் பிழைப்பு நடந்தது, இன்றும் நடக்கிறது.

ஏலக்காய் ஏதோ கிளையில் குலுங்கும் என்று வெளியூர்க்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். ஆள் உயரத்துக்கும் மேலே செடி வளர்ந்து நின்றாலும் காய் பிடிப்பது தூரில்தான். தூரிலிருந்து கிளம்பி மண்ணோடு படர்ந்து கிடக்கும் சரத்தில், சருகுக்கு நடுவே, பச்சைப் பச்சையாகக் காய்த்திருக்கும். எடுக்கிறவர்கள் குத்த வைத்து உட்கார்ந்து, சருகை விலக்கி, முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறித்து, உட்கார்ந்த வாக்கிலேயே அடுத்த தூருக்கு நகர்வார்கள். காலையில் மக்கிய இலையில் வைத்த கால் சாயங்காலம் வரை அதற்குள்ளேயே ஊறும். காயெடுப்பைக் கைவேலை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். என் பாட்டி, அப்பாவைப் பெற்ற அப்பத்தா, அதைக் கால்வேலை என்பாள்.

ஆனைக்கரை, குமுளியிலிருந்து மூணாறு போகிற சாலையில், இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளம் பஞ்சாயத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் புற்றடி, வண்டன்மேடு. இன்னொரு பக்கம் மலை இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. எங்கள் சனம் கம்பத்துச் சனம். அப்பத்தா கல்யாணமான புதிதில் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கம்பம்மெட்டு ஏறி வந்தவள். செருப்பு என்ற ஒன்றை அவள் வாழ்நாளில் போட்டு நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவள் பாதம் கடைசி வரை வெடிப்பில்லாமல், நகம் கோணாமல், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரிந்து இருந்தது. நடந்து நடந்து அகன்ற பாதம். அவள் ஈர மண்ணில் நடந்து போனால் ஐந்து விரலும் தனித்தனியாகப் பதிந்திருக்கும்.

பொழுது சாய்ந்து எல்லோரும் தோட்டத்திலிருந்து வந்ததும் லயத்து வாசலில் ஒரு தகரச் சட்டி வரும். அதில் வெந்நீர், ஒரு பிடி கல்லுப்பு. பக்கத்தில் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்த துணி, அரிக்கேன் விளக்கு, ஒரு சிறு கிண்ணத்தில் எண்ணெய். வாசற்படியில் அப்பத்தா உட்கார்ந்துகொள்வாள்.

“காலைக் காட்டு புள்ள.”

இதற்குத் தப்பித்து யாரும் வீட்டுக்குள் போக முடியாது. சோறு அதற்கு அப்புறம்தான். அண்ணன், நான், அம்மா, கடைசியில் அப்பா. “எனக்கென்னத்தா, நான் கழுவிக்கிறேன்” என்று அப்பா கூச்சப்படுவார். “கழுவுறது வேற, பாக்குறது வேறய்யா. நீட்டு” என்பாள்.

அவள் பார்ப்பதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் குதிகால். கட்டை விரலால் ஓரத்தை அழுத்திக்கொண்டே வருவாள். முள் ஏறியிருந்தால் அங்கே முகம் சுளிக்கும், அதிலேயே கண்டுபிடித்துவிடுவாள். பிறகு உள்ளங்கால் மேடு. பிறகு நகங்கள். கடைசியில் விரலிடுக்கு. சுண்டு விரலையும் அதற்கு அடுத்ததையும் பிரித்து, விளக்கை அருகே பிடித்து, குனிந்து பார்ப்பாள். காற்றே படாத அந்த இடுக்கில்தான் சேற்றுப்புண் முதலில் ஆரம்பிக்கும். தோல் வெள்ளையாக ஊறி, லேசாக உரிந்து, ஒரு வாடை வந்தால் அவள் முகம் மாறும். கழுவி முடித்ததும் ஒவ்வொரு இடுக்கிலும் துணியைத் தனித்தனியாகக் கொடுத்துத் துடைப்பாள். மொத்தமாக ஒத்தி எடுப்பதெல்லாம் அவளிடம் நடக்காது. எண்ணெய் குதிகாலுக்கும் உள்ளங்காலுக்கும் மட்டும். இடுக்கில் ஒரு சொட்டுப் படக்கூடாது. பிற்காலத்தில் தோல் மருத்துவர் ஒருவர் என்னிடம் இதையே சொன்னபோது எனக்கு அப்பத்தாவின் விரல்தான் ஞாபகம் வந்தது. பாதத்தில் வறண்ட இடமும் உண்டு, ஈரம் தங்குகிற இடமும் உண்டு, இரண்டுக்கும் வைத்தியம் எதிரெதிர் என்பதை அவள் யாரிடம் கற்றாளோ.

சேற்றுப்புண் வந்துவிட்டால் மருதாணி. இலையைப் பச்சை மஞ்சளோடு சேர்த்து மையாக அரைத்து இடுக்கில் அப்பி, காய்கிற வரை காலை நீட்டி உட்கார வைப்பாள். மழைக்காலம் முழுக்க எங்கள் லயத்துப் பிள்ளைகளின் கால்விரல் இடுக்குகள் செக்கச் சிவந்து கிடக்கும். பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த டீச்சர் ஒருத்தர், என்ன விசேஷம் என்று கேட்டது நினைவிருக்கிறது.

அட்டையைச் சொல்லாமல் எங்கள் ஊர்க் காலைப் பற்றி எழுத முடியாது. காலடி அதிர்வையும் உடம்புச் சூட்டையும் மூச்சுக்காற்றையும் உணர்ந்துகொண்டு, சருகிலிருந்து எழுந்து நின்று, தலையை அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டித் தேடும். ஏறுவது தெரியாது, கடிப்பதும் தெரியாது. குடித்துக் கொழுத்து விழுந்த பிறகு கணுக்காலில் ரத்தம் ஓடுவதைப் பார்த்துத்தான் தெரியும். அதன் எச்சிலில் ரத்தத்தை உறைய விடாத ஒரு பொருள் இருப்பதால் கடிவாய் சின்னதானாலும் ரத்தம் நெடுநேரம் நிற்காது. தோட்டத்துக்குப் போகிறவர்கள் துணியில் உப்பும் புகையிலைத் தூளும் முடிந்து, நனைத்து, கெண்டைக்காலில் தேய்த்துக்கொண்டு போவார்கள். சிலர் ஒரு குச்சி நுனியில் உப்புக் கிழி கட்டி வைத்திருப்பார்கள். அட்டை கண்ட இடத்தில் ஒரு தொடு.

கடித்திருக்கும் அட்டையின் மேல் உப்பு வைக்க அப்பத்தா விடமாட்டாள், பிடித்து இழுக்கவும் விடமாட்டாள். அட்டையின் இரண்டு முனையில் ஒல்லியான முனைதான் வாய். தோலோடு ஒட்டியிருக்கும் அந்த ஒல்லி முனைக்கு அடியில் நகத்தைக் கொடுத்துப் பக்கவாட்டில் தள்ளுவாள். பிடி விடும். உடனே தடித்த முனையையும் அதேபோல் நெம்பிச் சுண்டிவிடுவாள். பிறகு கடிவாயைக் கழுவி, துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வாள். “சொறிஞ்ச, அப்புறம் மழை முடியிறவரைக்கும் புண்ணுதான்” என்பாள். அது உண்மை. அட்டைக்கடியால் யாரும் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. சொறிந்து சீழ் வைத்த புண்ணால் வாரக்கணக்கில் படுத்தவர்கள் உண்டு. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. அவள் குனிந்து விரலிடுக்கைப் பார்த்ததில் பாசத்தோடு அந்தக் கணக்கும் இருந்தது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. உழைக்கிற வீட்டில் பாசமும் கணக்கும் ஒரே கையில்தான் இருக்கும்.

மழை போய் மார்கழிக் காற்று வந்தால் வேறு பாடு. மலைக்காற்று தோலை உறிஞ்சிவிடும். குதிகால் பாளம் பாளமாக வெடிக்கும். அம்மாவுக்கு வெடிப்பில் ரத்தம் கசியும். காலைத் தரையில் வைக்கும்போது பல்லைக் கடிப்பார். ஊற வைத்த காலைச் சொரசொரப்பான கல்லில் மெதுவாகத் தேய்த்து, தேன்மெழுகைத் தேங்காய் எண்ணெயில் உருக்கி, ஆறியதும் வெடிப்பில் தடவி, மேலே துணி சுற்றிப் படுக்கச் சொல்வாள் அப்பத்தா. குமுளிப் பக்கம் தேனெடுக்கும் பளியர்களிடமிருந்து அந்த மெழுகு வரும். பிளேடால் சீவ நினைத்தவர்களைத் திட்டித் தீர்ப்பாள்.

பள்ளிக்கூடத்துக்கு ஒற்றையடிப் பாதையில் இரண்டு மேடு ஏறி ஒரு ஓடை தாண்டிப் போக வேண்டும். போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம். இறக்கத்தில் யாராவது நடப்பார்களா? நான் ஓடினேன். ஓட்டம் எனக்கு அப்படி வந்ததுதான்.

1984 ஆகஸ்டில் பள்ளிக்கூடத்தில் ஒரே பேச்சு. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியின் நூற்றில் ஒரு பங்கில் பதக்கத்தை விட்டுவிட்டார். நாடே அதைப் பேசியது. எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் பி.டி. சார் மட்டும் இன்னொரு படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி, அட்டையில் ஒட்டிக் கொண்டுவந்தார். ஷைனி ஆபிரகாம். 800 மீட்டரில் அரையிறுதி வரை போனவர். ஒலிம்பிக்கில் அந்த நிலையை எட்டிய முதல் இந்தியப் பெண். “இது யாரு தெரியுமா? நம்ம இடுக்கிக்காரி” என்றார். இடுக்கி மாவட்டம் உருவானதே 1972-ல்தான். எங்களுக்கு வயதில் கொஞ்சம் மூத்தது, அவ்வளவுதான். அந்த மாவட்டத்து மண்ணை மிதித்த ஒரு பெண்ணின் கால் அங்கே ஓடுகிறது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. படத்தில் முகத்தைவிட அவர் காலைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆணிவைத்த ஸ்பைக் சூ என்பதை அன்றுதான் முதன்முதலில் கண்டேன்.

பி.டி. சார் உத்தமபாளையத்துக்காரர். ஓடுகிற பிள்ளைகளை வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரிசையாக உட்கார வைத்துக் கால்நகம் பார்ப்பார். நகத்தை நேராக வெட்ட வேண்டும். அழகுக்காக ஓரத்தை வளைத்து உள்ளே வெட்டினால், வளரும்போது முனை சதைக்குள் இறங்கி நகச்சுத்து வந்து பழுக்கும். இதை அவர் சிலேட்டில் படம் வரைந்து காட்டினார். வீட்டில் வந்து சொன்னேன். அப்பத்தா ஒரு நிமிடம் யோசித்து, “அந்த வாத்தியாரு தாயி வளத்த புள்ள” என்றாள். அவளிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை.

உபஜில்லா போட்டிக்கு முன்னால் பள்ளியில் எனக்கொரு வெள்ளைக் கேன்வாஸ் சூ கொடுத்தார்கள். அது என் காலைவிடப் பெரியது. குதிகால் உள்ளே ஏறி இறங்கி உராய்ந்ததில், மைதானத்தை நாலு சுற்று வருவதற்குள் கொப்புளம் வந்துவிட்டது. தோழி ஒருத்தி அதைக் கிழித்துத் தோலை உரித்துவிடப் போனாள். சார் ஓடி வந்து தடுத்தார். “அந்தத் தோலுதாம்மா அதுக்கு மருந்து” என்றார். ஊசியைத் தீயில் காட்டி, ஆறவிட்டு, கொப்புளத்தின் நடுவில் குத்தாமல் அடியோரத்தில் மட்டும் ஒரு துளை போட்டு, நீரை மெதுவாக அழுத்தி வெளியேற்றினார். மேல்தோல் அப்படியே உள்ளே படிந்துகொண்டது. சுத்தமான துணி வைத்துக் கட்டினார்.

அன்றுதான் அபேபே பிகிலாவின் கதையைச் சொன்னார். எத்தியோப்பியாக்காரர். 1960-ல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலோடு ஓடி ஜெயித்தவர். நாலு வருடம் கழித்து டோக்கியோவில் சூ போட்டுக்கொண்டு ஓடி மறுபடியும் ஜெயித்தார். “காலுக்குப் பொருந்துச்சுன்னா சூ. பொருந்தலைன்னா வெறுங்காலே மேல்” என்றார் சார். உபஜில்லாவில் நான் வெறுங்காலோடுதான் ஓடினேன். மூன்றாவதாக வந்தேன். முந்தின நாள் ராத்திரி அப்பத்தா வழக்கத்தைவிட நேரமெடுத்துப் பார்த்த கால் அது.

சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கோட்டம் போவது எங்கள் பக்கத்துப் பெரிய நடை. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், 1337 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணகி கோயில் வருடத்தில் அந்த ஒரு நாள்தான் திறக்கும். கூடலூர்ப் பக்கத்துச் சனம் பளியன்குடியிலிருந்து செங்குத்தாக ஏறி வரும். நாங்கள் குமுளி போய், ஜீப் போகிற பாதையில் நடப்போம். ஜீப்புக்குக் காசு இருந்தாலும் அப்பத்தா ஏறமாட்டாள். சித்திரை வெயிலில் புல்மேடுகளில் மரநிழல் இருக்காது, செம்மண் கொதிக்கும். கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்பே அவள் எல்லோர் நகத்தையும் ஒட்ட வெட்டிவிடுவாள். ஏற்றத்தில் குதிகால் படும் பாட்டைவிட இறக்கத்தில் பெருவிரல் படும் பாடு பெரிது. செருப்பின் முனையில் நகம் இடித்து இடித்து ரத்தம் கட்டிக் கறுத்துப்போகும். கடைசி நேரத்தில் வெட்டினால் வெட்டின இடம் நோகும் என்பதால்தான் நாலு நாள் முன்பே. ஒவ்வொரு ஓடையிலும் நிறுத்துவாள். காலை நனைப்பதற்கு அல்ல, துடைத்துக் காய வைப்பதற்கு. நனைந்த காலோடு நடந்தால்தான் கொப்புளம் சீக்கிரம் வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

பிற்பாடு கல்லூரியில் சிலப்பதிகாரம் பாடமாக வந்தபோது, புகாரிலிருந்து மதுரைக்கு நடந்த கண்ணகியின் சின்னப் பாதங்கள் சிவந்து போனதை இளங்கோவடிகள் வேட்டுவ வரியின் தொடக்கத்தில் சொல்லியிருப்பதைப் படித்தேன். செல்வர் வீட்டுப் பெண், நடந்து பழகாதவள். அந்தக் காலோடு மதுரை வந்து, எல்லாம் இழந்து, வைகைக் கரையோரமாகவே நடந்து மலையேறியிருக்கிறாள். சிலம்பைப் பற்றி எவ்வளவோ பேசியாயிற்று. சிலம்பு கிடந்த கால் எவ்வளவு தூரம் நடந்தது என்று பேச ஆளைக் காணோம். எங்கள் மலையில் வந்து முடிந்த நடை என்பதால் எனக்கு அது முக்கியமாகப் படுகிறது.

ஷைனிக்குப் பிறகும் எங்கள் மலைக் கால்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 2002-ல் பூசானில் நடந்த ஆசிய விளையாட்டில் எங்கள் மாவட்டத்துக் கொம்பொடிஞ்சாலைச் சேர்ந்த கே.எம். பீனாமோள் 800 மீட்டரில் தங்கம் வாங்கினார். அதே போட்டியில் ஆண்கள் பிரிவில் அவர் தம்பி பினு வெள்ளி. 2010-ல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் ராஜாக்காட்டுப் பக்கத்து முல்லக்கானத்துப் பெண் பிரீஜா ஸ்ரீதரன் 10,000 மீட்டரை 31 நிமிடம் 50 நொடியில் ஓடித் தங்கமும், 5,000 மீட்டரில் வெள்ளியும் எடுத்தார். ராஜாக்காடு எங்கள் ஊரிலிருந்து வடக்கே அதே ஏலமலைத் தொடரில்தான் இருக்கிறது. டிவியில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. இந்த மலையில் பிள்ளைகள் ஓடுவதற்கு நுரையீரல்தான் காரணம் என்பார்கள். இருக்கலாம். யாரோ ஒருத்தர் தினமும் அவர்கள் காலையும் பார்த்திருப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

அப்பாவுக்கு இப்போது சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. போன மழையில் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தவர் காலில் மூன்று அட்டை. ஒன்று இரண்டு விரலுக்கு நடுவே. அட்டைக்கடி யாருக்கும் தெரியாதுதான். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே ஒரு முள் ஏறி ஒடிந்திருந்ததும் அவருக்குத் தெரியவில்லை. அதுதான் பயமுறுத்தியது. வலி தெரியாத காலை எப்படிக் காப்பது என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய வேலை நடந்திருக்கிறது. 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் காலில் வரும் புண்ணுக்குக் காரணம் சதை தானாக அழுகுவது அல்ல, வலி தெரியாததால் அடிபட்ட இடத்திலேயே திரும்பத் திரும்ப மிதிப்பதுதான் என்று கண்டு சொன்னார். அந்தப் புரிதலில்தான் அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடும் மெத்தென்ற மைக்ரோ செல்லுலார் ரப்பர் செருப்புகள் வந்தன. இன்று சர்க்கரைக்காரர்கள் வாங்கிப் போடும் எம்.சி.ஆர். செருப்பு அதுதான். அப்பாவுக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். செருப்புக்குள் கல் கில் கிடக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். வெந்நீரில் கால் வைக்கும் முன் வேறு யாராவது கைவைத்துச் சூடு பார்க்க வேண்டும்; அவர் கால் சூட்டைச் சொல்லாது. குனிய முடியாததால் தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதில் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்கிறார். அண்ணன் வீட்டில் இருக்கும் நாட்களில் கண்ணாடி தேவைப்படாது. “நீட்டுங்கப்பா” என்று அவனே உட்கார்ந்துவிடுகிறான்.

அண்ணன் மகள் இப்போது பள்ளியில் 1,500 மீட்டர் ஓடுகிறாள். போன மாதம் அவளுக்குச் சூ வாங்கக் கட்டப்பனைக்குப் போனோம். காலையிலேயே போகலாம் என்றாள். சாயங்காலம் போவோம் என்றேன். பகல் முழுக்க நின்று நடந்த பாதம் சாயங்காலத்தில் கொஞ்சம் வீங்கியிருக்கும். அந்த அளவுக்கு எடுத்தால்தான் ஓடும்போது பிடிக்காது. ஓடும்போது போடுகிற காலுறையையே கொண்டுவரச் சொன்னேன். கடைக்காரப் பையன் உட்கார வைத்து ஒரு காலில் மட்டும் மாட்டிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று கேட்டான். இரண்டிலும் மாட்டி எழுந்து நிற்கச் சொன்னேன். இரண்டு பாதமும் யாருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரிய காலுக்குத்தான் அளவு. நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் என் கட்டை விரல் அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். முதல் ஜோடி அழகாக இருந்தது, விரல்மேட்டில் இறுக்கிப் பிடித்தது. ஆரஞ்சு நிறம், அவளுக்கு அதை விட மனமில்லை.

“போடப் போட விட்டுக் குடுத்துரும் அத்தை” என்றாள்.

“உன் காலுதாண்டி விட்டுக் குடுக்கும்” என்றேன்.

மூன்றாவது ஜோடி சாம்பல் நிறம். கடை வாசலில் இறங்கி, சரிவான அந்தத் தெருவில் ஒரு தடவை மேலே ஓடி, ஒரு தடவை கீழே ஓடிப் பார்த்தாள். இறக்கத்தில் விரல் இடித்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள். வாங்கிக்கொண்டு குமுளி பஸ் ஏறினோம்.